நெஸாகெத்தின் காலைக் கேள்வி

நெஸாகெத் என்றால் பணிவு, மரியாதை என்று பொருள். பெயர் வைத்த அப்பாவைக் குறை சொல்ல முடியாது. தொட்டிலில் கிடந்த குழந்தை வளர்ந்து எப்படிப் பேசும் என்று அவருக்கென்ன தெரியும்? எர்ஸுரூம் நகராட்சியின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கும் நெஸாகெத் ஹனும் (பெண்களுக்கு ஹனும், ஆண்களுக்கு பே என்பது அங்கே மரியாதைச் சொல்), பனிக்காலத்தில் தினமும் காலை எட்டரைக்குத் தொலைபேசியை எடுத்து முதலில் கேட்கும் கேள்வி இதுதான்:

"உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். உனக்கு என்ன அவசரம்?" என்று பதில் வரும்.

"வீடு சூடா இருக்கா? ரொட்டி இருக்கா? மாத்திரை போட்டாச்சா? சரி, வெச்சிடறேன்."

எழுபது வயதைத் தாண்டி, தனியாக வாழ்பவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர் அவள் பட்டியலில் இருந்தார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபதைத் தொட்டுவிட்டால் ஒவ்வொருவரையும் தினமும் விசாரிக்க வேண்டும் என்பது நகராட்சியின் விதி. எர்ஸுரூமில் அது பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி மார்ச்சில்தான் விடும். அழைத்து முடித்ததும் தஹ்சீன் ஓட்டும் வெள்ளை வேனில் ஏறிச் சூப் அண்டாவோடு கிளம்புவாள். ஒரு வீட்டில் தரை துடைப்பது, ஒரு வீட்டில் குளிப்பாட்டுவது, இன்னொரு வீட்டில் கால் நகம் வெட்டுவது என்று மாலை வரை ஓட்டம்.

இதற்கு முன் பதினைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைத்தவள். பாசின்லர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மணப்பெண்ணாக நகரத்துக்கு வந்தவள். கணவன் பெயர் ருக்னெத்தின். வீடுகளில் எரிவாயுக் கொதிகலன் பழுதுபார்ப்பவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவன் பங்கையும் சேர்த்து இவளே பேசிவிடுவாள் என்று தஹ்சீன் சொல்வான். பராமரிப்பு வேலைக்கு வந்த முதல் நாளே, குளிக்க வெட்கப்பட்டு, "என்னைப் பாக்காதே" என்று துணியை இழுத்துப் பிடித்துக்கொண்ட கிழவியிடம் அவள் சொன்னது இன்றும் அலுவலகத்தில் பிரபலம்.

"பாக்கறதுக்கு அங்க என்ன அதிசயம் இருக்குன்னு நினைச்சீங்க? என்கிட்ட இருக்கறதுதான் உங்ககிட்டயும் இருக்கு. என்னோடது கொஞ்சம் அகலம்."

கிழவி சிரித்த சிரிப்பில் துணி தானாக நழுவியது.

இப்படி யாருக்கும் சளைக்காமல் பதில் சொல்கிற நெஸாகெத் ஒரு நாள் வாயடைத்துப் போனாள். அந்த வருடம் அவளோடு தொலைபேசியில் உட்காரும் பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். ஐம்பத்தெட்டுப் பேரையும் இவள் ஒருத்தியே அழைக்க வேண்டியிருந்தது. ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். அதற்கு மேல் யாராவது பேச்சை நீட்டினால் வெட்டிவிடுவாள். கெஸ் பேட்டையில் இருந்த ஷுக்ரியே ஹனும் அடிக்கடி நீட்டுகிறவள். கல்யாண உடை தைத்து ஊரில் பாதி மணப்பெண்களைக் கரையேற்றிய தையல்காரி, வயது எழுபத்தாறு. அன்று ரொட்டி, மாத்திரை எல்லாம் கேட்டு முடித்து நெஸாகெத் தொலைபேசியை வைக்கப் போகும்போது அவள் சொன்னாள்:

"மகளே, உயிரோட இருக்கேனான்னு தினமும் கேக்குற. எப்படி இருக்கேன்னு ஒரு நாள்கூட கேட்கலையே."

கோபமாகச் சொல்லியிருந்தால் நெஸாகெத் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பாள். ஷுக்ரியே ஹனும் சாதாரணமாக, உப்பு கொஞ்சம் குறைவு என்பதுபோலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பட்டியலில் இன்னும் நாற்பத்தோரு பேர் பாக்கி.

அதே வாரம் புகார்ப் பிரிவுப் பெண் அழாத குறையாக வந்து நின்றாள்.

"அக்கா, இந்த முஹ்லிஸ் பே கிட்டேயிருந்து என்னைக் காப்பாத்துங்க. ஒரு நாளைக்குப் பதினோரு தடவை கூப்பிடறார். மருந்துக்கடைக்கு மேல பனிக்கூம்பு தொங்குதாம். பஸ் நிறுத்தத்துல பனி உருக உப்பு போடலையாம். உப்பு வண்டி நேத்து ஏழு நாற்பதுக்கு வந்துதாம், இன்னைக்கு ஏழு ஐம்பத்திரண்டாம்!"

"அவர் சொல்றது பொய்யா?"

"எல்லாமே நிஜம். அதான் பிரச்சினையே."

முஹ்லிஸ் பே ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்றவர். வயது எழுபத்தொன்பது. அங்காராவில் இருந்த மகள் அவர் பெயரைப் பராமரிப்புப் பட்டியலில் சேர்த்திருந்தாள். அவரோ இரண்டு தடவை வேனை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருந்தார். மூன்றாவது தடவை நெஸாகெத் போனாள். கதவு ஒரு சாண் திறந்தது.

"நான் ஒண்ணும் ஏழை இல்ல. நொண்டியும் இல்ல. தர்மச் சூப்பை வேற யாருக்காவது கொடுங்க."

"நான் உங்களை ஏழைன்னு சொன்னேனா? சூப் ஆறுது. வழி விடுங்க."

அவர் வழிவிட்டார். அவள் குரலுக்கு எல்லாருமே வழிவிடுவார்கள். உள்ளே ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஒரு தொலைநோக்கி, ஒரு நோட்டுப் புத்தகம். தெருவில் நடக்கிற ஒவ்வொன்றும் மணி நிமிடத்தோடு அதில் ஏறியிருந்தது. உப்பு வண்டி, பள்ளி வேன், வழுக்கி விழுந்தவர்கள், யார் எந்தப் பக்கமாக விழுந்தார்கள் என்பதுகூட. நெஸாகெத் பக்கங்களைப் புரட்டினாள். முப்பத்து நான்கு வருடம் நேரம் தவறாமல் வண்டி ஓட்டிய மனிதர் இப்போது ஓட்ட வண்டியில்லாமல் தவிக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"முஹ்லிஸ் பே, உங்களுக்கு வேலை இல்ல. எனக்கு ஆள் இல்ல. தினமும் காலையில பத்துப் பேருக்குப் போன் பண்ணிப் பேசுவீங்களா?"

அவர் தொலைநோக்கியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். "எத்தனை மணிக்கு?"

"எட்டரைக்கு."

"எட்டு இருபத்தெட்டுக்குத் தயாரா இருப்பேன். பேர் கொடு."

பெயர் கொடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. பிரிவுத் தலைவர் செலாமி பே நல்ல மனிதர்தான், ஆனால் படிவம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார்.

"ஒருத்தர் நம்பரை இன்னொருத்தர்கிட்ட கொடுக்க முடியாது, நெஸாகெத் ஹனும். சட்டம் இருக்கு."

"அவங்களே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா?"

"போட்டா சரி. ஆனா ஐம்பத்தெட்டுப் பேர்கிட்ட போய் வாங்கணுமே. இந்தப் பனியில!"

"அந்தப் பனியிலதானே தினமும் சுத்துறேன். படிவத்தை அடிச்சுக் கொடுங்க."

ஒன்பது நாளில் ஐம்பத்தொரு கையெழுத்து சேர்ந்தது. ஏழு பேர் முடியாது என்றார்கள். அவர்களைத் தானே அழைப்பதாக நெஸாகெத் வைத்துக்கொண்டாள். ஒரு பெரியவர், பாசின்லர்க்காரர்கள் யாரும் தன்னை அழைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அறுபது வருடத்துக்கு முந்தைய எருமை விவகாரமாம். நெஸாகெத் தன் சொந்த ஊரைப் பற்றி மூச்சுவிடாமல் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஏற்பாட்டை முஹ்லிஸ் பே தன் கையில் எடுத்துக்கொண்டார். ஒருவர் அடுத்தவரை அழைக்க வேண்டும், அவர் அதற்கடுத்தவரை. பத்துப் பேர் ஒரு வரிசை. வரிசையின் கடைசி ஆள் முஹ்லிஸ் பேயை அழைப்பார். ஒரு ஸ்டேஷன் அடுத்த ஸ்டேஷனுக்கு 'வண்டி கிளம்பிடுச்சு' என்று சொல்வதுபோல என்று அவரே எல்லோருக்கும் விளக்கினார். ஒன்பதேகாலுக்கு அவரிடமிருந்து நெஸாகெத்துக்கு அழைப்பு வரும். "எல்லாரும் நலம். மூணாவது வரிசையில ஒருத்தருக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு. நாலாவதுல ஒரு அம்மாவுக்குக் கதவுப் பூட்டு உறைஞ்சிருக்கு." அவ்வளவுதான், அரை நிமிடம்.

அவர்களுக்குள் பேச்சு அரை நிமிடத்தில் முடியவில்லை. இரண்டே வாரத்தில் அயிரான் என்னும் தயிர்ச் சூப்பில் புதினா எப்போது போடுவது என்று ஒரு வரிசை முழுக்கப் பிளவுபட்டது. இரண்டு கிழவர்கள், ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரே ராணுவ முகாமில் ஒரே சமையல்காரனைத் திட்டியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். செலாமி பேயிடம் ஒரு புகாரும் வந்தது: 'என்னை அழைக்கிறவர் சீக்கிரமே வைத்துவிடுகிறார்.' அதை எந்தப் படிவத்தில் ஏற்றுவது என்று அவர் அரை நாள் யோசித்தார்.

ஒரு வரிசையின் கடைசி ஆளான ஷுக்ரியே ஹனுமை மட்டும் எட்டு ஐம்பதுக்கு அழைப்பது முஹ்லிஸ் பேயின் பொறுப்பு. இரண்டு பேருக்கும் முதல் நாளே ஒத்துப்போகவில்லை.

"வெளியே மைனஸ் இருபத்து நாலு," என்பார் இவர்.

"எங்க தெருவுல இருபத்தாறு. உங்க தெருவுல வெய்யிலா அடிக்குது?" என்பாள் அவள்.

தேநீரை எவ்வளவு நேரம் கொதி ஆவியில் வைக்க வேண்டும் என்பதில் இவர் பதினைந்து நிமிடம் என்றார். இருபதுக்குக் குறைந்தால் அது வெறும் மஞ்சள் தண்ணீர் என்றாள் அவள். தினமும் சண்டை, தினமும் பத்து நிமிடம். நெஸாகெத் ஒரு நாள் ஷுக்ரியே ஹனுமை நேரில் பார்த்தபோது, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். "உக்காரு, சொல்றேன்," என்று ஆரம்பித்தவள் ஒரு மணி நேரம் சொன்னாள். தஹ்சீன் கீழே ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனான்.

ஜனவரிக் கடைசியில், பள்ளி விடுமுறை வாரத்தில், பலான்தோக்கன் மலையிலிருந்து புயல் இறங்கியது. பனி மூன்று நாள் நிற்காமல் கொட்டியது. வேன் கொட்டகையை விட்டு அசையவில்லை. நெஸாகெத் தாதாஷ்கென்ட் பேட்டையில் இருந்த தன் வீட்டுச் சமையலறையில் பட்டியலும் போனுமாக உட்கார்ந்தாள். முதல் நாள் ஒன்பதேகாலுக்கு முஹ்லிஸ் பே அழைத்தார். எல்லாரும் நலம்.

இரண்டாம் நாள் ஒன்பதேகாலுக்கு அழைப்பு வரவில்லை. ஒன்பது பதினேழுக்கும் இல்லை. முஹ்லிஸ் பே இரண்டு நிமிடம் தாமதமானது அதுவரை நடந்ததே இல்லை. ஒன்பது இருபதுக்கு மணி அடித்தது.

"ஷுக்ரியே ஹனும் எடுக்கல. ஆறு தடவை அடிச்சுட்டேன். கைபேசியும் அணைஞ்சு கிடக்கு. விடியக்காலையிலேர்ந்து அந்தப் பக்கம் கரன்ட் இல்ல."

"பக்கத்து வீடு?"

"பக்கத்து வீடு, மாடி வீடு, ரெண்டுமே லீவுக்கு ட்ராப்ஸோன் போயிருக்குன்னு போன வாரம்தான் சொன்னாங்க."

"நான் தீயணைப்புக்குச் சொல்றேன். நீங்க அங்கேயே—"

"எனக்கு மூணு தெருதான்."

"முஹ்லிஸ் பே! வெளியே கால் வெச்சீங்கன்னா நானே வந்து உங்க காலை ஒடிப்பேன்!"

அவர் வைத்துவிட்டார். தீயணைப்பு நிலையத்தில் முன்னால் முப்பது அழைப்பு நிற்கிறது என்றார்கள். பேட்டைத் தலைவர் தன் வீட்டு வாசலையே இன்னும் தோண்டிக்கொண்டிருந்தார். நெஸாகெத் வாய்க்கு வந்தபடி எல்லாம் முஹ்லிஸ் பேயைத் திட்டினாள். திட்டிக்கொண்டே கோட்டில் கையை நுழைத்தாள். திரும்பிப் பார்த்தால் பூட்ஸை மாட்டிக்கொண்டு கருவிப் பையோடு வாசலில் நிற்கிறான் ருக்னெத்தின்.

"வா," என்றான்.

இடுப்பளவுப் பனியில் பெரிய சாலைவரை போவதற்குள் மூச்சு வாங்கியது. அங்கே உப்பு வண்டி ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"அக்கா, இது பஸ் இல்ல!"

"உங்க அம்மாவுக்கு ரெண்டு வருஷமா தலை குளிப்பாட்டினது யாரு?"

"ஏறுங்க," என்றார் அவர்.

ஷுக்ரியே ஹனும் வீட்டில் நடந்ததை நெஸாகெத் பிறகு இருவர் வாயாலும் தனித்தனியாகக் கேட்டாள்; அதிசயமாக இரண்டும் ஒத்திருந்தது. முஹ்லிஸ் பே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். மூன்று தெருவுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை விழுந்தார். (எந்தப் பக்கம் என்று சொல்ல மறுத்துவிட்டார்.) மூன்றாம் மாடி ஏறிக் கதவைத் தட்டினார். உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு மெல்லிய குரல் வந்தது.

"யாரு?"

"நான்தான்."

ஒருவரையொருவர் அதுவரை பார்த்ததில்லை. உள்ளேயிருந்து பதில் வந்தது: "ஒன்றரை மணி நேரம் லேட்டு."

முஹ்லிஸ் பே கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாராம். வேலைக்காலத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை, அதனால்தான் என்று காரணம் சொன்னார். ஷுக்ரியே ஹனும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து திறந்தாள். மின்சாரம் போனதும் கொதிகலன் நின்றுவிட்டது. தொலைபேசி செத்துவிட்டது. மூன்று ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடந்ததில் அவளுக்குப் பாதம் இரண்டும் மரத்துப்போயிருந்தன. அவர் அவளைச் சமையலறையில் உட்காரவைத்தார். தீப்பெட்டியால் அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீரைப் புட்டிகளில் நிரப்பித் துணி சுற்றிக் காலடியில் வைத்தார். அதற்குப் பிறகு தேநீருக்குத் தண்ணீர் ஏற்றினார்.

நெஸாகெத் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தபோது கதவு திறந்தே கிடந்தது. உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகட்டும்னு சொல்றேன்!"

"அஞ்சு நிமிஷத்துல கசந்துடும்!"

"நடுங்கறது நான். குடிக்கப் போறது நான். உங்களுக்கு என்ன?"

நெஸாகெத் உடனே உள்ளே போகவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ருக்னெத்தின் பார்க்காதவன்போல அவளைத் தாண்டி உள்ளே போனான். அடுத்த நிமிடம் அவளும் எழுந்து போய் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தாள்.

"அடுப்பை எரியவிட்டு எல்லாத்தையும் சாத்திட்டு உக்காந்திருக்கீங்களே! குளிர்ல சாகாம வாயுவுல சாகலாம்னு திட்டமா? முஹ்லிஸ் பே, உங்ககிட்ட நான் என்ன சொன்னேன்?"

"காலை ஒடிப்பேன்னு சொன்னே."

"அப்புறமா ஒடிக்கறேன். எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்துங்க."

பகல் பன்னிரண்டரைக்கு மின்சாரம் வந்தது. கொதிகலன் அப்போதும் வேலை செய்யவில்லை, வெளிக்குழாய் உறைந்திருந்தது. பால்கனியில் ருக்னெத்தின் மண்டியிட்டு, வெந்நீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றிச் சுற்றினான். முக்கால் மணி நேரத்தில் கொதிகலன் உறுமியது. "ஆச்சு," என்றான். நெஸாகெத் ஷுக்ரியே ஹனுமின் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. சாலை திறந்ததும் வந்த செவிலிப் பெண்ணும் பயப்பட ஒன்றுமில்லை என்றாள்.

அந்தப் புயலில் பட்டியலில் இருந்த ஒருவருக்கும் ஆபத்தில்லை. செலாமி பே மேலிடத்துக்கு நான்கு பக்க அறிக்கை எழுதினார். அதில் முஹ்லிஸ் பேயின் மண்வெட்டி 'தன்னார்வலரின் சொந்த உபகரணம்' என்று குறிப்பிடப்பட்டிருந்தது. மறுத்த ஏழு பேரில் ஐந்து பேர் தாங்களாகவே அலுவலகத்தைக் கூப்பிட்டுப் படிவம் கேட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு வெயில் நாள் பார்த்து நெஸாகெத் எல்லோரையும் நகராட்சிக் கூடத்தில் கூட்டினாள். நடக்க முடிந்த நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். பெயர் அட்டை குத்தலாம் என்று செலாமி பே கொண்டுவந்திருந்தார். யாரும் அதைச் சீண்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "பேசு பாப்போம்," என்று ஒருவரையொருவர் குரலால் கண்டுபிடித்தார்கள். "ஐயோ, நீங்க இவ்வளவு குள்ளமா!" என்று ஒரு மூலையில் கூச்சல். ராணுவக் கிழவர்கள் இருவரும் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள். யார் யாரைத் தாங்குகிறார் என்று தெரியவில்லை. எருமைப் பெரியவர் கதாய்ஃப் தோல்மா இனிப்புத் தட்டோடு நெஸாகெத்தை ஓரங்கட்டினார்.

"ஏம்மா, நீ எந்த ஊரு?"

"இந்த ஊருதான்," என்றாள் நெஸாகெத். "இன்னொண்ணு எடுத்துக்கோங்க."

மேளமும் ஸுர்னாக் குழலும் வந்து சேர்ந்ததும் ஆண்கள் கைகோத்து, ஆடியும் ஆடாமலும் மெல்ல அசைந்தார்கள். ஷுக்ரியே ஹனும் நாற்காலியில் இருந்தபடி முஹ்லிஸ் பேயின் கால் தாளத்துக்குப் பிந்துகிறது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். இரண்டு பேரையும் பற்றிக் கூடத்தில் கிசுகிசு ஓடியது. கல்யாணமா என்று நெஸாகெத் நேராகவே கேட்டுவிட்டாள். "இந்த வயசுல இன்னொருத்தர் கோட்டை வேற தேய்க்கணுமா? போன்ல சண்டை போடறதே போதும்," என்றாள் ஷுக்ரியே ஹனும், ஆனால் அன்று முஹ்லிஸ் பே போட்டிருந்த கோட்டில் தேய்ந்துபோயிருந்த காலர் புதிதாக மாற்றித் தைக்கப்பட்டிருந்ததை நெஸாகெத் பார்த்தாள்.

சாயங்காலம் நகராட்சி பஸ்ஸில் எல்லோரையும் வீடு சேர்க்க வேண்டும். தஹ்சீன்தான் ஓட்டினான். பஸ் முதல் வாசலில் நின்றது. இறங்க வேண்டிய அம்மா எழுந்திருக்கவில்லை.

"மத்தவங்களை முதல்ல விட்டுட்டு வா தம்பி. எனக்கு அவசரமில்ல."

இரண்டாவது வாசலிலும் அதே பதில். மூன்றாவதில் ஒருவர் தூங்குவதுபோல நடித்தார். தஹ்சீன் கண்ணாடி வழியாக நெஸாகெத்தைப் பார்த்தான். பின்னால் புதினாச் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது.

"என்ன பாக்குற? ஸ்டேஷன் பக்கமா ஒரு சுத்து சுத்திட்டு வா," என்றாள் அவள். அவன் பஸ்ஸைத் திருப்பினான்.